மீன் நடக்குமா?
(மிகுபுனைவுக் கதை எழுதத் தொடங்குவோர்க்கு)

முன்னுரை

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தமிழ் இலக்கியம் பயின்ற மாணவர் ஒருவர், ஆண்டு மலருக்கென எழுதத் தொடங்கிய கதையொன்றை என்னிடம் கொண்டுவந்து தந்தார். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் பதினோரு பக்கங்கள் நிரம்பியிருந்தன. "இன்னும் முடிக்கவில்லை, ஐயா. தொடரலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மழை பொய்த்துப்போன ஓர் ஆண்டு. ஊர்க் கிணறுகள் யாவும் வறண்டுவிட்டன. பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் ஹவுளில் முழங்காலளவு நீரே எஞ்சி நிற்கிறது. அந்நீரில் வாழும் மீன்கள் ஓரிரவு கரையேறித் தெருத்தெருவாக நடந்து, எந்த வீட்டுக் கிணற்றிலேனும் ஊற்றுக்கண் திறந்திருக்கிறதா என்று தேடிச் செல்கின்றன. இதுவே கதை.

அவ்வாண்டு மலர்க்குழுவில் நானும் இருந்தேன். படித்துவிட்டு, "மீன் எங்காவது நடக்குமா, தம்பி? பயனுள்ளதாக ஒன்று எழுதி வாருங்கள்" என்று கூறிக் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "சரிங்க ஐயா" என்று அவர் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் 'காலந்தவறாமை' என்னும் தலைப்பில் ஒன்றரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. மலரில் அது வெளியாயிற்று. அதில் எழுத்துப்பிழையும் இல்லை, கருத்துப்பிழையும் இல்லை. அதனை இன்று நினைவில் வைத்திருப்பாரும் இல்லை. நடந்து சென்ற மீன்களை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை.

அன்று நான் கூறியது பிழை என்பதை நான் உணர்வதற்குச் சில ஆண்டுகள் ஆயின. நிகழ இயலாதவற்றை நிகழ்ந்தனவாகக் கொண்டு, அவற்றிற்கென ஓர் ஒழுங்கும் வகுத்துக்கொண்டு எழுதப்பெறும் கதையை ஆங்கிலத்தார் 'ஃபேன்டசி' என்பர். தமிழில் அதனை மிகுபுனைவு எனலாம். இவ்வகைக் கதையை எழுத விரும்பும் மாணவர்க்கு முதலில் எழும் ஐயங்கள் இரண்டு. இவ்வாறு எழுதுவது தகுமா என்பது ஒன்று. எங்கிருந்து தொடங்குவது என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நம் இலக்கியத்திலிருந்தும் பிற மொழி இலக்கியங்களிலிருந்தும் விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது.

பொய்யும் புனைவும்

"இல்லாததை எழுதுவது பொய் ஆகாதா?" என்னும் வினாவை மாணவரும் கேட்பதுண்டு, அவர்தம் பெற்றோரும் கேட்பதுண்டு. இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று. பொய்யைக் கடிந்து வளர்க்கப்பட்ட பிள்ளை அவ்வாறு கேட்பது இயல்பே.

பொய் என்பது கேட்பவரை ஏமாற்றும் நோக்கம் உடையது. தான் பொய் என்பதை அது மறைத்தே தீரவேண்டும். மறைக்காவிடில் அதற்கு வாழ்வில்லை. மிகுபுனைவோ, தான் புனைவு என்பதை முதற்பக்கத்திலேயே வெளிப்பட அறிவித்துவிடுகிறது. மீன் தெருவில் நடந்தது என்று எழுதுபவர் எவரையும் ஏமாற்றவில்லை. நடவாத ஒன்றை முன்வைத்து, நடந்துகொண்டிருக்கும் ஒன்றை நாம் காணுமாறு செய்கிறார்.

இவ்வேறுபாட்டை நம் இலக்கண முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் உரைநடையை நான்காகப் பகுக்கும் செய்யுளியல் நூற்பாவில், மெய்ப்பொருளோடு பொருந்தாத புனைமொழியையும் ஒரு வகையாக வைத்து எண்ணுகிறார். அதற்கு உரைகண்ட பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடத்திற்குச் சென்று இன்னின்ன செய்தன என்று தொடர்ந்து கூறும் கதையை எடுத்துக்காட்டாகத் தருகிறார். அவ்வகையை அவர் இகழ்ந்தாரில்லை. உரைநடையின் ஒரு கூறாகவே விளக்கிச் செல்கிறார். யானையும் குருவியும் நட்புக்கொள்ளலாம் எனின், மீன் நடப்பதற்கு மட்டும் நான் தடை விதித்தது எவ்வாறு பொருந்தும்?

இஸ்லாமிய உலகின் இலக்கிய வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. நம் நாட்டுப் பஞ்சதந்திரக் கதைகள் முதலில் பாரசீகத்தின் பழைய மொழியாகிய பகலவியில் பெயர்க்கப்பெற்றன. அதிலிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அவற்றை 'கலீலா வ திம்னா' என அரபியில் ஆக்கினார். கலீலாவும் திம்னாவும் இரண்டு நரிகள். அவை அரசியலும் அறமும் பேசுவதை அரபி அறிஞர்கள் பொய் என்று ஒதுக்கிவிடவில்லை. உரைநடைக்கு முன்மாதிரியாகப் போற்றிப் பயின்றனர். 10ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த 'இக்வானுஸ் ஸஃபா' என்னும் அறிஞர் குழுவினர், தங்கள் அறிவியல் நிருபங்களுக்கு நடுவே, விலங்குகள் கூடி மனிதன் மீது ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுப்பதாக ஒரு கதையை அமைத்தனர். சுமை சுமத்தும் மனிதனைப் பற்றிக் கழுதை முறையிடும் அந்த நீதிமன்றம் எந்த ஊரிலும் கூடியதில்லை. முறையீடு மட்டும் மெய்.

ஈண்டு ஓர் எல்லையையும் குறித்தல் வேண்டும். நபிமார்களின் முஃஜிஸாத்துகள் நம்பிக்கையின்பாற்பட்டவை, புனைவின்பாற்பட்டவை அல்ல. அவற்றை மிகுபுனைவோடு ஒருங்கு வைத்து எண்ணுவதும், அவற்றின்மேல் கதை கட்டுவதும் முறையாகா. இவ்வெல்லையைத் தெளிவாக உணர்ந்த எழுத்தாளர்க்குப் புனைவதற்குரிய நிலம் பரந்தே கிடக்கிறது.

குறையிலிருந்து பிறக்கும் கதை

எங்கிருந்து தொடங்குவது என்னும் இரண்டாவது வினாவிற்கு வருவோம். மிகுபுனைவு எழுதுபவர் இவ்வுலகை மறந்துவிட்டு வேறோர் உலகில் திரிபவர் என்று பலர் எண்ணுகின்றனர். சிறந்த கதைகளின் பிறப்பை ஆராய்ந்தால் உண்மை வேறாக இருப்பதைக் காணலாம். தம் வீட்டு வாயிலில் நிற்கும் ஒரு குறையிலிருந்தே அவர்களுள் பலர் தொடங்கியுள்ளனர். இதற்குத் தக்க சான்றாக விளங்குபவர் பேகம் ரொக்கையா.

ரொக்கையா 1880ஆம் ஆண்டு, இன்றைய வங்கதேசத்தின் ரங்கபூர்ப் பகுதியைச் சார்ந்த பைராபந்து என்னும் ஊரில், நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயது முதலே, அயல் பெண்கள் முன்னிலையிலும் தாம் ஒளிந்துகொள்ள நேர்ந்ததைப் பிற்காலத்தில் அவர் எழுதியுள்ளார். அக்குடும்பத்தில் பெண்மக்கள் வங்காளமோ ஆங்கிலமோ கற்பது வழக்கமில்லை. தமக்கை கரீமுன்னிசா வங்காளம் பயில ஊக்கம் தந்தார். தமையனார் இப்ராகீம் சாபிர், வீட்டார் உறங்கிய பின் மெழுகுவர்த்தி ஒளியில் ஆங்கிலம் கற்பித்தார். பாகல்பூரில் துணை நீதிபதிப் பதவி வகித்த சையது சகாவத் உசேனை மணந்தபின், கணவரின் ஆதரவால் அவரது கல்வி வளர்ந்தது.

ஒருமுறை கணவர் அலுவற் பயணம் சென்றிருந்தார். வீட்டில் தனித்திருந்த ரொக்கையா, பொழுது போக்குவதற்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர், அமரவும் மறந்து நின்றபடியே அதனைப் படித்து முடித்து, இஃது அஞ்சத்தக்கதொரு பழிவாங்கல் என்னும் பொருள்படக் கூறினாராம். 'சுல்தானாவின் கனவு' என்னும் அக்கதை 1905ஆம் ஆண்டு நம் சென்னையிலிருந்து வெளிவந்த 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் இதழில் அச்சேறியது. கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய இதழ் அது. வங்கத்து முஸ்லிம் பெண்மணியின் மிகுபுனைவு முதன்முதலில் அச்சேறிய இடம் சென்னை என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

கதையில் சுல்தானா சாய்வு நாற்காலியில் அமர்ந்து, இந்தியப் பெண்களின் நிலையை எண்ணியவாறே கண்ணயர்கிறாள். தோழி ஒருத்தி வந்து வெளியே அழைத்துச் செல்கிறாள். அங்கே தெருவில் ஆடவர் எவரும் இலர். அந்நாட்டில் பெண்கள் வெளியுலகை ஆள்கின்றனர்; ஆடவர் 'மர்தானா'விற்குள் அடைபட்டுச் சமையலும் குழந்தை வளர்ப்பும் செய்கின்றனர். பெண்கள் நடத்தும் பல்கலைக்கழகங்கள் இரண்டு. ஒன்று மேகத்திலிருந்து நேரே நீரைப் பெறும் பலூனைக் கண்டறிந்துள்ளது. மற்றொன்று கதிரவனின் வெப்பத்தைச் சேமித்து வைக்கக் கற்றுள்ளது. பகைவர் படையெடுத்து வர, ஆடவர் படை தோற்கும் நிலையில், பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவியரோடு களம் சென்று, சேமித்த கதிரொளியைப் பகைவர்மேல் பாய்ச்சி வெல்கிறார். அந்நாட்டு அடுக்களையில் புகையில்லை, கதிரவனே அடுப்பு.

இக்கதை பிறந்த வகையை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். ரொக்கையா புதியதோர் உலகைத் தேடி அலையவில்லை. தம் வீட்டின் ஜனானாவை எடுத்து இடம் மாற்றி வைத்தார். அகத்தில் இருந்தவரைப் புறத்திலும், புறத்தில் இருந்தவரை அகத்திலும் நிறுத்தினார். செய்தது அவ்வளவே. அதனால் அதுவரை இயல்பாகத் தோன்றிய ஒன்று வியப்பாகத் தோன்றலாயிற்று. ஆடவரைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது அவரது கொள்கையன்று. பூட்டி வைத்தால் எவ்வாறிருக்கும் என்பதை ஆடவர் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே அவர் வேண்டியது. புகையில்லா அடுப்பைக் கனவு கண்டவர், அடுப்புப் புகையில் கண் கலங்கிய பெண்களை அறிந்தவராகவே இருந்திருத்தல் வேண்டும்.

அவர் கனவோடு நின்றுவிடவுமில்லை. 1909இல் கணவர் மறைந்தபின், அவர் நினைவாகப் பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு அதனை மீண்டும் நிறுவினார். 1932இல் மறையும்வரை அப்பள்ளிக்காகவே உழைத்தார். பெண்கள் பல்கலைக்கழகம் நடத்தும் நாட்டைக் கதையில் கண்டவர், தம் நாட்டில் எட்டு மாணவியரைச் சேர்ப்பதற்கு வீடு வீடாகச் செல்ல நேர்ந்தது. பயனுள்ளதாக எழுதுக என்று மாணவரிடம் கூறிய நான், இதைவிடப் பயனுள்ள எழுத்து எது என்பதை எண்ணிப் பார்த்தேனில்லை.

வினாவிலிருந்து பிறக்கும் கதை

சில கதைகள் ஒரு வினாவிலிருந்து பிறக்கின்றன. தமிழ் முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குக் கொணர்ந்த சிற்றிலக்கிய வகைகளுள் 'மசலா'வும் ஒன்று. வினா என்னும் பொருளுடைய அரபிச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறியதாகும். அது மிகுபுனைவு அன்று, சமய நூல். எனினும் ஒரு நூல் முழுவதையும் வினாவே நடத்திச் செல்ல இயலும் என்பதை அவ்வகை நமக்குக் கற்பிக்கிறது.

வினாவையே கருவாகக் கொண்ட பழைய கதைகளுள் தலைசிறந்தது, 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு துஃபைல் அரபியில் இயற்றிய 'ஹய் இப்னு யக்ளான்' ஆகும். ஆசிரியரும் நூலும் மொழியும் இன்றி வளரும் ஒருவன், தன் அறிவைக் கொண்டே மெய்ப்பொருளை உணர இயலுமா என்பது அவர் எழுப்பிய வினா. தத்துவ நூலாக எழுதியிருப்பின் அறிஞர் சிலரே படித்திருப்பர். இப்னு துஃபைல் மருத்துவரும் ஆவார். அவர் கதையாக எழுதினார். இந்தியத் தீவுகளுள் ஆளில்லாத் தீவு ஒன்றில் ஒரு குழந்தை தனித்து விடப்படுகிறது. பெண்மான் ஒன்று பாலூட்டி வளர்க்கிறது. சிறுவனுக்கு ஏழு வயதாகும்போது மான் இறந்துபோகிறது. அதன் உடலில் ஓர் உறுப்பும் குறையவில்லை. ஆயினும் தன்னை வளர்த்த தாய் எழவில்லை. உடலைவிட்டு நீங்கியது யாது என்று தேடி, அவன் அதன் மார்பைக் கீறிப் பார்க்கிறான். அச்சிறுவன் அங்கே தொடங்கும் தேடல், படிப்படியாக வளர்ந்து படைத்தவனை அறிவதில் சென்று முடிகிறது. 1671இல் இலத்தீனிலும் 1708இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பெற்று இந்நூல் ஐரோப்பியரால் விரும்பிப் படிக்கப்பெற்றது.

இங்கும் பெருவினா ஒன்று, இறந்த தாயின் அருகே அமர்ந்திருக்கும் சிறுவனாக உருக்கொண்டதைக் காண்கிறோம். வினா எவ்வளவு பெரிதாயினும், அதனைச் சுமப்பதற்கு ஓர் உயிர் வேண்டும். அவ்வுயிரைக் கண்டுகொண்ட நாளே கதை தொடங்கும் நாள்.

சொல்லிலிருந்து பிறக்கும் கதை

தமிழ் பயிலும் மாணவர்க்கு மிக அண்மையில் உள்ள ஊற்று சொல்லே. நிஷாப்பூர் நகரத்துப் பாரசீகக் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'மன்திக்குத் தைர்' என்னும் காவியத்தில், பறவைகள் ஒன்றுகூடித் தமக்கோர் அரசனைத் தேடுகின்றன. 'சீமுர்க்' என்னும் பறவையரசன் தொலைவில் இருப்பதாக ஹுத்ஹுத் பறவை கூறி வழிநடத்துகிறது. ஏழு பள்ளத்தாக்குகளைக் கடக்கவேண்டும். பல பறவைகள் அஞ்சித் திரும்புகின்றன, பல மடிகின்றன. இறுதியில் முப்பது பறவைகளே சென்று சேர்கின்றன. பாரசீகத்தில் 'சீ' என்றால் முப்பது. 'முர்க்' என்றால் பறவை. தாம் தேடிவந்த சீமுர்க்கின் பெயரிலேயே தாம் இருப்பதை அம்முப்பது பறவைகளும் அங்கே உணர்கின்றன.

அணியிலக்கணம் பயின்ற மாணவர் இதனைப் பிரிமொழிச் சிலேடை என்று உடனே இனங்கண்டுகொள்வர். தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறும் அச்சிலேடையை, ஒரு கவிஞர் பெருங்காவியத்தின் முடிவாகவே அமைத்துக் காட்டியுள்ளார்.

20ஆம் நூற்றாண்டில் ஆங்கில மிகுபுனைவிற்குப் புத்துயிர் ஊட்டிய டோல்கீன், நம்மைப் போன்ற மொழியாசிரியரே. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்தவர். மாணவராக இருந்த காலத்தில், பழஞ்செய்யுள் ஒன்றில் கண்ட 'எயரெண்டல்' என்னும் சொல்லின் அழகில் ஈடுபட்டு, அச்சொல்லுக்கு உரியவன் யாவன் என்று எண்ணி, 1914இல் ஒரு பாடல் புனைந்தார். அவர் பின்னர்ப் படைத்த தொன்மக் கதைகளுக்கு அதுவே வித்தாயிற்று. 1930ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு கோடையில், அவர் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். மாணவர் ஒருவர் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். அப்பக்கத்தில், நிலத்துள் வளையொன்றில் வாழும் ஓர் உயிரைப் பற்றி ஒற்றை வரி எழுதினார். அவ்வுயிர்க்கு அவர் இட்ட பெயர் 'ஹாபிட்'. ஹாபிட் என்பது யாது என அப்போது அவரும் அறியார். அதனை அறிந்துகொள்ளவே கதையைத் தொடர்ந்தார். 1937இல் அது நூலாக வெளிவந்தது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் 'மோதிரங்களின் தலைவன்' மூன்று பகுதிகளாக வெளிவந்தது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் அனைவரும் வெற்றுப் பக்கங்களைக் கண்டிருப்போம். நாம் அதில் சிவப்புக் கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளுக்குச் செல்கிறோம்.

நம் நிகண்டுகளிலும் சங்க நூல்களிலும் இத்தகைய சொற்கள் எத்தனை உறங்கிக் கிடக்கின்றன! 'அசுணம்' என்பது யாழிசையில் மயங்கும் ஓர் உயிர். அதனைப் பிடிக்க விரும்புவோர் முதலில் யாழை வாசித்து அதனை வரவழைப்பர். அது மயங்கி நிற்கும்போது பறையை முழக்கிக் கொல்வர். உரைநூல்கள் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. அந்த யாழை வாசித்தவன் யார்? ஒருநாள் பறையை எடுக்க அவன் கை எழவில்லை எனின் என்ன நிகழும்? இங்கே ஒரு கதை காத்திருக்கிறது.

எல்லை வகுத்தல்

எதுவும் நிகழலாம் என்னும் கதையில் எதற்கும் மதிப்பில்லை. வியப்பிற்குரிய ஆற்றல் ஒன்றைப் படைத்தால், அதற்கோர் எல்லையும் படைத்தல் வேண்டும். தொடக்க எழுத்தாளர் பெரிதும் தவறுமிடம் இதுவே.

மணிமேகலையில் வரும் அமுதசுரபியை எடுத்துக்கொள்வோம். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது. ஆயினும் சாத்தனார் அதனை எல்லையற்றதாக விடவில்லை. ஆபுத்திரன் கையில் அது ஊரார் பசியைத் தீர்த்தது. பின்னர் மழை பொழிந்து நாடு செழித்தது. உண்பாரைத் தேடி ஆபுத்திரன் ஊர் ஊராகச் சென்றான். ஏற்பார் ஒருவரும் இலர். ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, தன்னொருவன் வயிற்றுக்கு மட்டும் அப்பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டுத் தான் உண்ணாது உயிர்நீத்தான். பசித்தவர் இல்லையெனின் பாத்திரத்திற்குப் பொருளில்லை. இவ்வெல்லையினாலேயே அமுதசுரபி மந்திரப்பொருள் என்னும் நிலையிலிருந்து உயர்ந்து காவியப் பொருளாகிறது.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின், 1968இல் வெளியிட்ட 'எர்த்ஸீ' கதையை எழுதுமுன், அதன் தீவுகளை ஒரு தாளில் வரைந்துகொண்டார். அவ்வுலகில் மந்திரம் பயில்பவன் ஒவ்வொரு பொருளின் மெய்ப்பெயரையும் கற்கவேண்டும்; பெயரறியாப் பொருளின்மேல் அவன் ஆணை செல்லாது. அவர் வரைந்த வரைபடம் இடத்திற்கு எல்லை. பெயர் ஆற்றலுக்கு எல்லை.

என் மாணவரின் கதைக்கும் ஓர் எல்லை இருந்தது. நடந்து செல்லும் மீன்கள் சுபுஹு பாங்கு ஒலிக்குமுன் ஹவுளுக்குத் திரும்பிவிடவேண்டும்; இல்லையேல் நின்ற இடத்திலேயே வீழ்ந்துவிடும். ஒன்பதாம் பக்கத்தில் அவர் அதனை எழுதியிருந்தார். ஊரின் குறையிலிருந்து கதையைத் தொடங்கி, தண்ணீர் எங்கே என்னும் வினாவை மீன்களிடம் ஒப்படைத்து, காலத்தால் எல்லையும் வகுத்திருந்தார். எவரும் கற்பிக்காமலே அவர் அறிந்திருந்த ஒன்றை, கற்பிக்கும் தொழிலில் இருந்த நான் அறிந்தேனில்லை.

எழுதத் தொடங்குவோர்க்கு

மாணவச் செல்வங்களே, மேற்கண்டவற்றிலிருந்து நீங்கள் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. உங்கள் தெருவில், வீட்டில், விடுதியில் உங்களை உறுத்தும் ஒரு குறையை ஒரே வரியில் எழுதுங்கள். பின்னர் அதனைத் தலைகீழாக்கி மற்றொரு வரி எழுதுங்கள். ரொக்கையா செய்தது இதுவே.

2. இயற்கை விதிகளுள் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மீன் நடக்கட்டும், தெரு நீங்கள் அறிந்த தெருவாகவே இருக்கட்டும். அத்தெருவின் சாக்கடையும் திண்ணையும் தெருநாயும் உள்ளவாறே இருந்தால்தான் மீன் நடப்பதைப் படிப்பவர் நம்புவர்.

3. பனி மலையும் நெருப்புக் கக்கும் பாம்பும் பிறர் கதைகளில் படித்தவை. நீங்கள் காணாத பனியைவிட, நீங்கள் கண்ட உப்பளமும் ஏரிக்கரையும் உங்களுக்கு மிகுதியாகக் கைகொடுக்கும்.

4. வீட்டிலுள்ள முதியோரிடம் கதை கேளுங்கள். புளியமரத்து ஜின்னைப் பற்றி என் நன்னிமா சொன்னவை முப்பதுக்குக் குறையா. அவற்றுள் எனக்கு இன்று முழுமையாக நினைவிருப்பவை மூன்றே. எழுதி வைக்காத குறை என்னுடையது. அக்குறை உங்களுக்கு நேரவேண்டாம்.

5. கதை முடியும்வரை தகும், தகாது என்னும் தீர்ப்பை எவரிடமும் கேட்காதீர்கள். முடித்தபின், நின்றுகொண்டே படித்து முடிக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள்.

6. காலம் தாழ்ந்ததே என்று வருந்தாதீர்கள். 'நார்னியா' கதைகளை எழுதிய சி. எஸ். லூயிசுக்கு, பனிக்காட்டில் குடையும் பொதிகளும் ஏந்திச் செல்லும் ஆட்டுக்கால் மனிதனின் உருவம் பதினாறு வயதளவில் மனத்தில் தோன்றியது. நாற்பது வயதை நெருங்கியபோதே அதனைக் கதையாக்க முற்பட்டார். நூல் 1950இல் வெளிவந்தது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகள் இத்தகைய கதையோடு நம்மிடம் வரும்போது, இஃது எதற்குப் பயன்படும் என்று முதலிலேயே கேட்டுவிடாதிருப்போம். நம் தெருவின் எந்தக் குறையை இப்பிள்ளை கண்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். பிள்ளைகள் நம்மிடம் நேரே கூற அஞ்சுவதைச் சில வேளைகளில் மீன்களின் வாயிலாகக் கூறுகின்றனர்.

முடிவுரை

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் வைபவத்தில் அம்மாணவரைச் சந்தித்தேன். இரும்புக்கடை நடத்துகிறார்; இரண்டு குழந்தைகள். உணவருந்தும்போது அக்குறிப்பேட்டைப் பற்றிக் கேட்டேன். "அதுவா ஐயா? மீதிப் பக்கங்களில் கடைக்கணக்கு எழுதினேன். எங்காவது கிடக்கும்" என்றார். என் பிழையை நான் ஒப்புக்கொண்டபோது அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்க ஐயா" என்றார். விடை பெறும்போது, "அந்த மீன்களுக்குத் தண்ணீர் கிடைத்ததா, தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எழுதியிருந்தால்தானே தெரியும், ஐயா" என்றார்.

அவ்வினாவிற்கான விடையை அவரே எழுதவேண்டும் என்பது என் விருப்பம். எழுதுவதாக அவர் உறுதி கூறவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. எனினும் அவர்பால் நான் பட்ட கடனை வேறு வகையில் தீர்க்க முயன்றுள்ளேன். நம் துறையின் கையெழுத்து இதழில் இவ்வாண்டு முதல் எட்டுப் பக்கங்கள் மிகுபுனைவுக் கதைகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. எந்தத் துறை மாணவரும் எழுதலாம். முற்றுப்பெறாத கதையாயினும் கொண்டுவரலாம். குறிப்பேட்டோடு வருபவரிடம் மீன் நடக்குமா என்று இனி நான் கேட்கமாட்டேன். எந்தத் தெரு வழியாக நடந்து சென்றது என்றே கேட்பேன்.